விதைக்கு முந்திய லீக்ஸ்

எங்கள் ஏழாங்கட்டை ஊரில் அந்த வருஷம் லீக்ஸ் ஒன்பது நாள் முந்திக்கொண்டது. வழக்கத்தைவிட ஒன்பது நாள் முந்தி என்று நினைத்துவிடாதீர்கள், விதை போடுவதற்கே ஒன்பது நாள் முந்தி. அம்மா பௌர்ணமிப் போயா தினமாகப் பார்த்து, லீவு நாளாகப் பார்த்து, நல்ல நேரமும் பார்த்து, கலண்டரில் புதன்கிழமையைச் சுற்றிச் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டு வைத்திருந்தாள். அதற்கு முந்தின வாரத்துத் திங்கட்கிழமை காலையில் சாம்பல் கொட்டப் போனவள், கொத்தாத, கிளறாத, எருப் போடாத வெறும் பாத்தியில் வெங்காயத்தாள் மாதிரி முழங்கை நீளத் தண்டும் வெளிர்ப்பச்சை இலையுமாக லீக்ஸ் வரிசை பிடித்து நிற்பதைப் பார்த்தாள், பார்த்துவிட்டுச் சாம்பலை வேலியோரமாகக் கொட்டினாள், உள்ளே வந்து கத்தியை எடுத்துக்கொண்டு போனாள்.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்றுதான் ஊரில் எல்லாரும் சொன்னார்கள். பதினொரு வருஷமாக அம்மா ஒரே காரியத்தைத்தான் செய்துகொண்டிருந்தாள். பாத்தியில் எந்த லீக்ஸ் எல்லாவற்றுக்கும் முன்னால் பருத்துத் தயாராகிறதோ அதன் கழுத்தில் தன் பழைய சிவப்புச் சேலையில் கிழித்த துணியைக் கட்டிவிடுவாள். துணி கட்டினதை யாரும் பிடுங்கக் கூடாது, விற்கக் கூடாது, கறிக்கு என்று கண்ணால்கூடப் பார்க்கக் கூடாது. அது அடுத்த வருஷம்வரை நின்று, ஆளுயரத் தண்டு விட்டு, உச்சியில் பந்து மாதிரிப் பூத்து, காய்ந்து, உலுக்கினால் கறுப்பு விதையாக உதிரும். அந்த விதை பால்மா டின்னுக்குள் போகும். மற்றவர்கள் குட்டையாக, தடியாக, நீலம் பாய்ந்த இலையோடு, உறைபனிக்கும் அசையாத பிந்தின இனத்தைப் போட்டபோது அம்மா மட்டும் முந்தி வருகிறதற்கே துணி கட்டினாள், முந்தினதிலும் முந்தினதற்குக் கட்டினாள், அதிலும் முந்தினதற்குக் கட்டினாள். ஆறு மாசப் பயிர் நாலு மாசமானது, நாலு ரெண்டானது, ரெண்டு மாசம் நாற்பது நாளாகி, பத்து நாளாகி, போன வருஷம் காலைத் தேத்தண்ணிக்கு விதைத்து மாலைத் தேத்தண்ணிக்குப் பிடுங்கினோம். அடுத்தது என்னவென்று கைவிரலை மடக்கத் தெரிந்த யாருக்கும் தெரியும்.

அந்தத் திங்கட்கிழமை இன்னொன்றும் நடந்தது. அம்மா முதல் லீக்ஸுக்குத் துணி கட்டிவிட்டு, மற்றதையெல்லாம் அறுத்து முடித்து, கத்தியைக் கழுவி, கையைத் துடைத்து, நேராக என்னிடம் வந்து என் இடது காதைப் பிடித்து முழுசாக ஒரு சுற்று திருகினாள்.

"அம்மா! நான் என்னா செஞ்சேன்?"

அம்மா தன் கையையே பார்த்தாள். "தெரியல லோஜி. கை வந்திருச்சு."

கை வந்திருச்சாம்! பதினாறு வயசில் ஒரு தப்பும் செய்யாமல் காது திருகப்படுவது எப்பேர்ப்பட்ட அவமானம் தெரியுமா? ஊரில் நான் செய்யாத சேட்டை கிடையாது. மூணு வருஷமாக வாயைத் திறந்தால் அம்மாவிடம்கூட ஊரில் யாருடையதோ ஒரு குரலில்தான் பேசுவேன். மரக்கறிச் சங்கத்துத் தலைவர் குரலில் அவர் வீட்டு நாயைக் கூப்பிட்டிருக்கிறேன், அது இன்றைக்கும் என்னைப் பார்த்தால் எழுந்து நிற்கும். லொறிக்கார பியசேன ஐயாவின் ஹோர்னை வாயாலேயே அடித்து நாற்பது வீட்டு ஆட்களையும் மரக்கறி மூட்டையோடு ரோட்டுக்கு ஓடவைத்திருக்கிறேன். அதற்கெல்லாம் வாங்கிய திருகலை நியாயமென்று ஏற்றுக்கொண்டவள் நான். ஆனால் சும்மா வாங்கியது காதிலேயே நின்று சூடாகத் துடித்துக்கொண்டிருந்தது.

ஊர் அதற்குள் லீக்ஸில் இறங்கிவிட்டது. நாற்பது வீட்டிலும் அன்று மத்தியானம் லீக்ஸும் பருப்பும். மிச்சம் பியசேன ஐயாவின் லொறியில் ஏறிக் கொழும்பு ஹோட்டல்களுக்குப் போனது. சாயங்காலம் மரக்கறிச் சங்கத்துத் தலைவர் ஞானப்பிரகாசம் வாசிகசாலையில் கூட்டம் போட்டார். அவர் தொண்டையைச் செருமி, மீசையைத் தடவி, இல்லாத மைக்கை விரலால் தட்டிவிட்டுத்தான் பேசுவார்.

"அதாவது ஒரு விஷயம். வெளஞ்சது வெளஞ்சிருச்சு. தின்னது தின்னாச்சு. ஆனா லோஜி அம்மா ராசமலரு இன்னும் வெதைக்கல. நாம ஒழுங்கான சனங்க. வெளைச்சல வாங்கிக்கிட்டு வேலையைச் செய்யாம இருக்கலாமா?"

"இருக்கக் கூடாது," என்றது ஊர்.

அப்படியாக ஊர் அந்த விளைச்சலுக்கான வேலைகளைப் பின்னாலிருந்து செய்ய ஆரம்பித்தது. செவ்வாய்க்கிழமை பாத்தியைக் கொத்தினார்கள். புதன்கிழமை எருப் போட்டார்கள். அறுத்த லீக்ஸுக்கு நடுவில் ஒரு களைகூட இல்லாதிருந்ததால் யாரோ களை பிடுங்கியிருக்க வேண்டும் என்று பெண்கள் வரிசையாகக் குந்தி, வெறும் மண்ணில் ஒன்றுமில்லாததைப் பிடுங்கிக் கூடையில் போட்டு, நிறைந்த கூடையைக் கொண்டுபோய் வேலிக்கு அப்பால் கவிழ்த்தார்கள். தண்டு அவ்வளவு வெள்ளையாக இருந்ததால், வெயில் படாமல் மண் அணைத்த கை யாருடையது என்று கேட்டு, ஆள் இல்லாததால் தலைவரே மண்வெட்டியோடு இறங்கி, இல்லாத தண்டுகளின் இடுப்புவரை மண்ணை அணைத்தார். ரெண்டு லீக்ஸில் மட்டும் ஓடில்லாத நத்தை கடித்த ஓட்டை இருந்தது என்று ஒரு வீட்டில் சொல்லப்போக, சனிக்கிழமை பெரிய தேடுதல் நடத்தி ரெண்டு நத்தையைப் பிடித்து வந்து, பாத்தியில் மரியாதையாக இறக்கிவிட்டு, "கடிச்சதுக்கு வந்துட்டாங்க," என்று பதிவுப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்தும் வாங்கினார்கள்; நத்தைகளிடம் அல்ல, பிடித்தவர்களிடம்.

விதைப்பு மட்டும் பாக்கி. அது வட்டம் போட்ட அடுத்த புதன்கிழமை, அம்மாவின் கையால். அதே புதன்கிழமை நாலு மணிக்குத்தான் சங்கம் ஒரு பெரிய முடிவும் எடுக்க வேண்டியிருந்தது: வரப்போகிற போகத்துக்கு நாற்பது வீடும் எந்த விதையைப் போடுவது? அம்மாவின் பால்மா டின் விதையா, கழுத்துப் பட்டி கட்டிய விதைக் கம்பனி ஐயா கொண்டுவரும் படம் போட்ட டின்னா? அம்மா பதினொரு வருஷமாக இந்த ஒரு கேள்விக்காகத்தான் சேலையைக் கிழித்துக்கொண்டிருந்தாள். "எல்லார் பாத்தியிலயும் நம்ம வெதை நிக்கணும் லோஜி," என்பாள், "அப்புறம் சேலைய முழுசா கட்டிக்கிறேன்."

எனக்கு இது தெரியும். தெரிந்தும் என் காது கேட்கவில்லை. ஊரே வாங்கினதற்குச் செய்துகொடுக்கிறது, நத்தைகூடச் செய்துகொடுக்கிறது, நான் மட்டும் வாங்கிய திருகலுக்கு ஒரு தப்புச் செய்யாமல் இருக்கலாமா? நானும் ஒழுங்கான சனம்தானே!

விதைப்புக்கு முதல் நாள் செவ்வாய்க்கிழமை பால்மா டின்னைப் பாவாடை மடிப்பில் மறைத்துக்கொண்டு பௌசர் நானாவின் பேக்கரிக்குப் போனேன். லீக்ஸ் விதையையும் கருஞ்சீரகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அதைப் பெற்ற செடிகளுக்கே அடையாளம் தெரியாது. ரெண்டும் கறுப்பு, ரெண்டும் மூலை மூலையாக உடைத்த மாதிரி. முகர்ந்து பார்த்தால் தெரியும், ஆனால் அம்மாவுக்கு அந்த வாரம் தடிமன் பிடித்து மூக்கு அடைத்திருந்தது. நானா போறணை அடுப்புக்குள் தலையை விட்டிருந்த நேரம் பார்த்து அவருடைய போத்தலில் இருந்த கருஞ்சீரகத்தை எங்கள் டின்னுக்கும், எங்கள் விதையை அவர் போத்தலுக்கும் மாற்றினேன். அம்மா வாசனைச் சாமான் விதைப்பாள், நான் நாலு மணிக் கூட்டத்தில் எழுந்து எல்லார் முன்னாலும் உடைப்பேன், ஊர் சிரிக்கும், நான் ஓடிப்போய் விதையை எடுத்து வருவேன், அம்மா பொழுதுசாய்வதற்குள் மறுபடி விதைப்பாள். எவ்வளவு அழகான திட்டம்!

வீட்டுக்கு வந்ததும் சந்தோஷம் தாங்காமல் இன்னொன்றும் செய்தேன். தலைவர் கூட்டத்துக்கு வெறும் தேத்தண்ணிக்கு மேல் ஒரு பன்கூடத் தராதவர். போனை எடுத்தேன், செருமினேன், மீசை இல்லாத இடத்தைத் தடவினேன். "அதாவது ஒரு விஷயம் நானா. நாளைக்குக் கூட்டத்துக்கு நாப்பது பணிஸ். மேல கருஞ்சீரகம் தூக்கலாப் போடுங்க. போத்தல் காலியானாலும் பரவாயில்ல."

"தலைவரா? பணிஸா? அல்லாவே," என்றார் நானா, "மழை வரப் போகுது."

ஒரு சேட்டையில் இருந்த சந்தோஷத்தில் இன்னொரு சேட்டையை மறந்த ஆள் உலகத்திலேயே நான் ஒருத்திதான் இருப்பேன்.

புதன்கிழமை காலை நல்ல நேரத்தில் அம்மா விரலால் கோடு கீறி, விதையைச் சிட்டிகை சிட்டிகையாகத் தூவி, சலித்த மண்ணால் மூடி, மேலே மானாப்புல் பரப்பி, பூவாளியால் நனைத்தாள். நான் தண்ணித் தாங்கிக்குப் பின்னால் வாயில் துணியை வைத்து அடைத்துக்கொண்டு சிரித்தேன். நடுப்பகல் தாண்டியும் லீக்ஸ் விதை மண்ணுக்குள் போகாததால், முந்தி வந்த விளைச்சல் திரும்பிப் போக ஆரம்பித்தது; என் சிரிப்பு நின்றது.

அடுப்பில் லீக்ஸும் பருப்பும் இருந்த சட்டியில் பருப்பு மட்டும் இருந்தது. அடுத்த வீட்டில், அதற்கு அடுத்த வீட்டில், வரிசையாக நாற்பது வீட்டிலும் போன வாரத்துத் திங்கட்கிழமை மத்தியானத்தில் லீக்ஸ் இருந்த இடம் வெறுமையாகி, அன்று சாப்பிட்ட எல்லாருக்கும் ஒன்பது நாள் பழைய பசி ஒரே நேரத்தில் எடுத்தது. மாடுகள்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்தன. போன் அடித்தது.

"நங்கி, அம்மாகிட்ட குடு," என்றார், என்னைச் சிங்களத்தில் தங்கச்சி என்று கூப்பிடுகிற பியசேன ஐயா. "கொழும்பில ஹோட்டல் முதலாளி ஏசுறார். ஃப்ரைட் ரைஸ்ல போட்ட லீக்ஸ் போச்சு. தட்டில இருந்து இல்ல நங்கி, சாப்பிட்ட ஆளுட வயித்தில இருந்து போச்சு!"

அம்மா போனைக் கேட்டாள், வைத்தாள், பாத்திக்குப் போனாள். பாத்தித் தலைப்பில் துணி கட்டி நிறுத்தியிருந்த அந்த ஒரு லீக்ஸ், பதினொரு வருஷத்தின் ஒரே மிச்சம், தேத்தண்ணி ஆவி மாதிரி மெலிந்துகொண்டிருந்தது. அதற்குள்ளால் வேலி தெரிந்தது. சிவப்புத் துணி கழுத்தில் தளர்ந்து தொங்கியது. அம்மா தன் ரெண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஆழம் கூடிப்போச்சுப் போல," என்றாள். "எங் கைதான் சரியில்ல லோஜி. சங்கத்துல சொல்லிர்றேன். கம்பனி டின்னையே வாங்கிக்கட்டும்."

அம்மா, அந்தக் கை தப்பே செய்யவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவளோ நடந்துவிட்டாள். பரவாயில்லை, விதைதான் நானாவின் போத்தலில் பத்திரமாக இருக்கிறதே என்று நானும் பின்னால் ஓடினேன்.

வாசிகசாலையில் கம்பனி ஐயா தன் டின்னை மேசையில் வைத்து, படத்தை ஊர்ப்பக்கம் திருப்பியிருந்தார். படத்தில் லீக்ஸ் மனிதத் தொடை அளவு இருந்தது. "நூற்றுக்குத் தொண்ணூறு முளைக்கும்," என்றார். "விதைத்த பிறகுதான் முளைக்கும்," என்று அழுத்தியும் சொன்னார். பசியில் இருந்த ஊர் அந்தப் படத்தையே பார்த்தது. அம்மா எழுந்து நின்றாள். அப்போதுதான் பௌசர் நானா ரெண்டு தட்டில் பணிஸோடு உள்ளே வந்தார்.

நாற்பது பணிஸ். நெற்றி நிறையக் கறுப்பு. பொன்னிறத்தில் வெந்து, ஆவி பறக்க, ஒவ்வொன்றின் மேலும் எங்கள் பதினொரு வருஷம்.

"தலைவர் சொன்னபடி போத்தல் முழுக்கப் போட்டாச்சு," என்றார் நானா.

"நான் எப்ப சொன்னேன்?" என்றபடியே தலைவர் ஒன்றை எடுத்து வாயில் போட்டு, பசியில் ரெண்டாவதையும் போட்டு, மூன்றாவதைக் கடித்தார்.

நான் பெஞ்சின் மேல் ஏறினேன். "அதாவது ஒரு விஷயம்," என்று வாயிலிருந்து வந்தது. தலைவர் திடுக்கிட்டு, "நான் வாயே தொறக்கலையே!" என்றார், வாய் நிறையப் பணிஸோடு. மறுபடி முயன்றேன். "அல்லாவே, திங்காதீங்க," என்று நானாவின் குரல் வந்தது. மூன்றாவது முறை ஹோர்ன் சத்தம் வந்தது, நாலு பேர் ரோட்டுக்கு ஓடினார்கள். கண்ணை மூடிக்கொண்டேன். தொண்டையின் அடியில், எல்லார் குரலுக்கும் கீழே, தூசு படிந்து ஒன்று கிடந்தது. அதைப் பிடித்து இழுத்தேன்.

"நான்தான் வெதைய மாத்தினேன். அம்மா வெதைச்சது கருஞ்சீரகம். லீக்ஸ் வெதை பணிஸ் மேல இருக்கு. அம்மா கையில தப்பில்ல."

கீச்சென்று, மெல்லிசாக, நடுங்கிக்கொண்டு வந்தது.

"அட, இது யார் குரலு?" என்றார் தலைவர் ரசித்து. "புதுசா இருக்கே. அச்சு அசலா செய்றியே!"

"வேற யாரு குரலுமில்ல தலைவரே," என்றாள் அம்மா. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அது அவ குரலு. கேட்டு மூணு வருஷமாச்சு."

பௌசர் நானா தலையில் கைவைத்து உட்கார்ந்தார். "வெந்த வெதை எப்படி மொளைக்கும் மகள்?"

கம்பனி ஐயா தன் டின்னை மெதுவாக ஒரு விரல் முன்னால் தள்ளினார். அம்மா அந்த டின்னைப் பார்த்தாள், பணிஸைப் பார்த்தாள்; அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன்.

"மொளைக்க என்ன இருக்கு நானா? அது மொளைச்சு, வளந்து, நீங்க எல்லாம் தின்னும் முடிச்சிட்டீங்க. இனி அதுக்கு மண்ணுக்குள்ள போறது ஒண்ணுதான் வேல. வெந்தா என்ன, வேகாட்டி என்ன?"

இதற்குமேல் யாராலும் உட்கார முடியவில்லை. நாற்பது வீட்டு ஆட்களும் மிஞ்சின பணிஸையெல்லாம் ஏந்திக்கொண்டு, சாமி ஊர்வலம் மாதிரிப் பாத்திக்கு நடந்தார்கள், நடந்தபடியே நகத்தால், கொண்டை ஊசியால், திருகாணியால், ஒருத்தர் தன் பொய்ப்பல்லால், விதை விதையாகக் கிள்ளி எடுத்தார்கள். கிள்ளிய விதையெல்லாம் அம்மாவின் முந்தானையில் விழுந்தது. வெறும் பணிஸ் அவரவர் வயிற்றில் விழுந்தது. கம்பனி ஐயாவும் பசியோடிருந்த மனிதர்தான், கழுத்துப் பட்டியைத் தோளுக்குப் பின்னால் எறிந்துவிட்டுப் பேனை முனையால் கிள்ளினார். "நூற்றுக்கு நூறு," என்று முணுமுணுத்தார். அம்மா கோடு கீற, நான் தூவ, நானா மண் மூட, ரெண்டு நத்தைகளும் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டன.

"வெதையோட தின்னவங்க என்ன செய்றது?" என்று யாரோ கேட்டார்கள். எல்லாரும் தலைவரைப் பார்த்தார்கள்.

"அதாவது ஒரு விஷயம்..." என்று ஆரம்பித்தார். ஆனால் அவரும் ஒழுங்கான சனம். செருப்பைக் கழற்றிவிட்டுப் பாத்தியின் நடுவில் போய் நின்றார். கணுக்கால்வரை மண் அணைத்து, மேலே மானாப்புல் சுற்றி, பூவாளியால் இதமாக நனைத்தோம்.

"எவ்வளவு நேரம்?"

"பொழுது எறங்குறவரைக்கும்," என்றாள் அம்மா.

பொழுது மலைக்கு மேல் ஒரு சாண் இருந்தது. முந்தானை காலி. பணிஸ் காலி. ஆனால் துணி கட்டிய லீக்ஸ் இன்னும் ஆவியாகவே நின்றது, முடிச்சு இன்னும் தளர்ந்தே கிடந்தது. அம்மா மூச்சை இழுத்தாள். தடிமன் பிடித்த மூக்கு அந்த நேரம் பார்த்துத் திறந்தது.

"இன்னும் ஒண்ணு இருக்கு," என்றாள். "எனக்கு வாசம் வருது."

தேடினோம். மண்ணில், முந்தானையில், தட்டில், பாக்கெட்டில், கம்பனி ஐயாவின் காதில். பொழுது நாலு விரலானது, ரெண்டு விரலானது. அப்போது பாத்தி நடுவிலிருந்து தலைவர் தும்மப் போனார்.

"தும்மாதீங்க!" என்று கத்தினேன், என் சொந்தக் குரலிலேயே. அவருடைய மீசையின் வலது நுனியில், நரைக்கும் கறுப்புக்கும் நடுவில், ஒரு விதை உட்கார்ந்திருந்தது. அம்மா ரெண்டு விரலால் அதைக் கிள்ளி, அவர் காலடியில் சுண்டுவிரலால் ஒரு குழி போட்டு, உள்ளே வைத்து மூடினாள். தலைவர் தும்மினார். பொழுது இறங்கியது.

பாத்தித் தலைப்பில் சிவப்பு முடிச்சு இறுகியது. வேலி மறைந்தது, தண்டு திரண்டது, இலை தடித்தது. நாற்பது வீட்டாரும், மாடுகளும், கொழும்பில் முன்பின் தெரியாத எத்தனையோ பேரும் ஒரே நொடியில் லீக்ஸ் வாசத்தோடு ஒரு பெரிய ஏப்பம் விட்டார்கள். அந்த ஏப்பத்தில் மேகம் ஒரு முழம் மேலே போனதை நான் பார்த்தேன்.

"ராசமலரு வெதைக்குக் கை தூக்குங்க," என்றார் தலைவர், மண்ணிலிருந்து வெளியே வர மறந்து. நாற்பது கையும் மண்ணோடு எழுந்தன, நாற்பத்தோராவது கை கம்பனி ஐயாவுடையது. அதை எண்ண முடியாது என்று சொன்னதற்கு, எண்ணாவிட்டால் பரவாயில்லை, ஒரு சிட்டிகை விதை கிடைக்குமா என்று கேட்டார்.

"அடுத்த போகம் தருவேன்," என்றாள் அம்மா. "ஆனா ஒண்ணு. இனி நான் முதல்ல வர்றதுக்குத் துணி கட்ட மாட்டேன். மூணாவதா வர்றதுக்குக் கட்டுறேன். வெதைச்ச பொறகு வந்தாப் போதும்."

"எத்தனை நாள் பொறகு?"

"ஒரு நாப்பது நாளு. நாமளும் மூச்சு விடணுமில்ல."

எல்லாரும் போனபிறகு அம்மா என்னைப் பார்த்துத் திரும்பினாள். நேராக வந்தாள். வலது கை மேலே எழுந்தது. நான் இடது காதைப் பொத்தவில்லை. இந்தத் தடவை நியாயம் என்று நீட்டிக்கொண்டு நின்றேன். கை பாதியில் நின்றது.

"அட," என்றாள் அம்மா. "இதுக்குத்தான் போன வாரத்துத் திங்கக்கிழமையே குடுத்துட்டேனே!"

அப்புறம் சிரித்தாள் பாருங்கள், பூவாளி கையிலிருந்து விழுந்து உருண்டது, நானும் சிரித்தேன், ரெண்டு பேரும் வேலியைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கி, மறுபடி சிரித்தோம். சிரிப்பு அடங்கினதும் அவள் மண் அப்பிய ரெண்டு கையாலும் என் முகத்தைப் பிடித்து நெற்றியில் அழுத்தி ஒரு முத்தம் கொடுத்தாள். அப்படியெல்லாம் கொடுக்கிற ஆளே இல்லை அவள்.

"இது எதுக்கும்மா?"

அம்மா யோசித்தாள்.

"தெரியல," என்றாள். "வந்திருச்சு."

அன்றிலிருந்து தினமும் காலையில் எழுந்ததும் கலண்டரைப் பார்க்கிறேன். வாங்கினது வாங்கியாகிவிட்டது. நானும் ஒழுங்கான சனம். அதற்கு நான் என்ன செய்துகொடுக்க வேண்டுமோ, அது எந்தத் தேதியில் இருக்கிறதோ, ஊரில் யாருக்கும் தெரியவில்லை. ஏதோ பெரிசாக இருக்க வேண்டும் என்று மட்டும் நெற்றி சொல்லிக்கொண்டே இருக்கிறது.